ஊசிக்குருவிக்குப் பூஜ்யம்

அவர் சாவி ஒன்றை அராவிக்கொண்டிருந்தார். பித்தளைச் சாவி வைஸ் பிடிப்பானின் பல்லில் கடிபட்டு நின்றது. அரத்தால் மூன்று இழுப்பு, கட்டைவிரலால் ஒரு தடவல், மறுபடி இரண்டு இழுப்பு. துகள் விழ மேசையில் பழைய நாளிதழ் விரித்திருந்தார். சாவி எனக்காக. இடுப்பெலும்பு முறிந்து, அறுவை முடிந்து வீட்டுக்கு வந்திருந்த அவர் மனைவியைப் பார்த்துக்கொள்ள நான் காலை ஆறரைக்கு வந்துவிடுவேன். அந்த நேரம் அவர் ஏரிக்கரையில் இருப்பார். கதவைத் திறக்க வேறு ஆள் இல்லை.

"மெஷின்ல வெட்டினா ரெண்டு நிமிஷம். எதுக்குத் தம்பி கையால?" என்று கேட்டேன். அவருக்கு அறுபத்தெட்டு, எனக்கு எழுபத்தொன்று. தம்பி என்று கூப்பிட எனக்கு உரிமை உண்டு.

"இந்த வீட்டுப் பூட்டு என்னை மாதிரி அக்கா. மெஷின் சாவிக்கு மசியாது."

"கைச் சாவிக்கும் மசியாது!" என்று உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. அவர் அராவிக்கொண்டே இருந்தார். நான்தான் சிரித்தேன்.

வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் வரிசை வரிசையாகத் தொங்கும். ஜன்னலோரம் சாவி வெட்டும் மெஷின். அது ஓடும்போது பேச முடியாது. பல்லைக் கூச வைக்கும் சத்தம். நாற்பத்து மூன்று வருடமாக அவர் அதன் மேல் குனிந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து நின்றிருக்கிறார். கத்தி சாவியில் ஆழம் தொட்டதைக் காதால்தான் கண்டுபிடிப்பாராம். ஊரில் எல்லாருக்கும் அவர் பூட்டுக்காரர். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பூட்டு சோற்றுக்கு. பறவை எதற்கு என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியாது. குளிர் விட்டும் விடாமலும் இருக்கும் அந்த ஐந்தாறு வாரம், மரங்களில் மொட்டு முட்டிக்கொண்டு இலை விரியாத நாட்கள், அவர் தினமும் விடியலில் ஏரியைச் சுற்றுவார். கரையில் ஆறு இடம். ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம், கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நாணலுக்குள் இருக்கும் பறவையைப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும் என்பார். எந்தப் பறவை எந்தத் தேதியில் வந்தது, எத்தனை குரல் என்று நோட்டில் எழுதுவார். இருபத்தாறு வருடத்து நோட்டுகள் படுக்கையறை அலமாரியில் இருந்தன. மனைவியின் சேலைகள் அதனால் பெட்டிக்குப் போயிருந்தன.

கூட இரண்டு பேர் உண்டு: ஓய்வுபெற்ற தபால்காரர், ரொட்டிக் கடைக்காரர். மூன்று பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர்கள் வைத்திருந்த விதி ஒன்று. யார் கேட்டதாகச் சொன்னாலும் சீட்டில் எழுதித் தரவேண்டும். பழைய ஆட்களில் ஒருவராவது மறுநாள் அதே இடத்தில் கேட்டால்தான் அது நோட்டில் ஏறும். புதிதாக வருகிறவர்கள் ஆர்வக்கோளாறில் காக்காயைக்கூடக் கழுகாக்கிவிடுவார்களாம்.

நான் போய்ச் சேர்ந்த வாரம் வீட்டில் ஒரே துக்கம். எலும்பு முறிந்ததற்கு இல்லை. ஊசிக்குருவி போய்விட்டதற்கு.

கட்டைவிரல் அளவு, பழுப்பு நிறம், பார்க்க ஒன்றுமில்லை. குரல்தான் எல்லாம். ஊசியால் கண்ணாடியைக் கீறுவது போல மெல்லிசாக, விடாமல் ஒரு நிமிடம் இழுக்குமாம். அதனால் ஊரார் வைத்த பெயர். தூரதேசத்திலிருந்து குளிர் முடியும்போது வந்து இந்த ஏரி நாணலில்தான் கூடு கட்டும். நோட்டில் அதன் கணக்கை எனக்குக் காட்டினார். ஒன்பது குரல். அடுத்த வருடம் ஏழு. பிறகு நான்கு, மூன்று, ஒன்று. கடைசி மூன்று வருடமும் பூஜ்யம்.

"கண்ணு முன்னாடி ஒரு உசுரு தேஞ்சு போச்சு அக்கா. ஒண்ணும் பண்ண முடியல" என்றார். பள்ளிக்கூடத்தில் போய் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். பேசும்போது அழுதுவிட்டதாக மனைவி சொன்னார்.

அந்தப் பூஜ்யத்துக்கு ஒரு விளைவு இருந்தது. நாணல் வளர்ந்து ஏரித் தண்ணீர் வெளியேறும் வழியை அடைக்கிறது என்று நீர்த்துறைக்காரர்கள் வெகுநாளாக வெட்டக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊசிக்குருவி வந்து கூடு கட்டுகிற வருடங்களில் வசந்தத்தில் அதைத் தொடக்கூடாது என்று உத்தரவு. மூன்று வருடம் தொடர்ந்து குருவி இல்லையென்றால் வெட்டலாம். இவர் நோட்டைக் கேட்டார்கள். இவரும் நேர்மையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நாணல் வெட்டும் மெஷின் வருவதாக இருந்தது.

வியாழக்கிழமை மனைவிக்கு லேசாக உடம்பு சுட்டது. அறுவைக்குப் பிறகு காய்ச்சல் என்றால் நான் சும்மா விடமாட்டேன். காயத்துக்குக் கட்டு மாற்ற என் இரண்டு கையும் வேண்டியிருந்தது. அதனால் அவரைக் கூப்பிட்டு, மனைவியின் கையிடுக்கில் தெர்மாமீட்டரை வைத்துப் பிடிக்கச் சொன்னேன். "சத்தம் வந்ததும் எடுத்துச் சொல்லுங்க."

அது பீப் பீப் என்றது. அவர் பிடித்துக்கொண்டே நின்றார். மறுபடி அடித்து ஓய்ந்தது. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"என்னங்க, அடைகாக்கறீங்களா?" என்றார் மனைவி. "எடுங்க. குஞ்சு பொரிச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு."

"இன்னும் அடிக்கலையே" என்றார் அவர்.

"அவருக்கு ஏரிக்கரையில கொசு இருமினாக் கேக்கும் அக்கா. வீட்டுக்குள்ள நான் தொண்டை கிழியக் கத்தினாக் கேக்காது" என்றார் மனைவி என்னிடம்.

இந்த நகைச்சுவை அந்த வீட்டில் பல வருடம் ஓடியிருக்கிறது. தெர்மாமீட்டர் காட்டியது சாதாரணச் சூடுதான், ஆனாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதியோர் பராமரிப்புப் பயிற்சியில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்த பாடம் இது: வயதாகும்போது காது மொத்தமாக மூடாது, மெல்லிய உயர்ந்த சத்தங்கள் முதலில் போகும். பேச்சு கேட்கும். கதவு தட்டுவது கேட்கும். அதனால் போனது போனவருக்கே தெரியாது. இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் போகும்.

வெள்ளிக்கிழமை அவர் கடையில் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் போய் நின்று தெர்மாமீட்டரை மூன்று முறை அடிக்கவைத்தேன். திரும்பவில்லை. கையிலிருந்த சாவிக்கொத்தை லேசாக மேசையில் வைத்தேன். உடனே திரும்பினார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, உங்களுக்கு மெல்லிய சத்தம் கேக்கறதில்ல. ஊசிக்குருவி எங்கயும் போகாம இருக்கலாம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் வீட்டை விட்டுப் போ என்று இருந்தது. "பூட்டுக்குள்ள இரும்பு முள்ளு விழற சத்தம் எனக்குக் கேக்குது. எனக்குக் காது இல்லைங்கறீங்க."

"முள்ளு விழறது தடித்த சத்தம். அது கேக்கும்."

"தபால்காரருக்கும் கேக்கல. ரொட்டிக்காரருக்கும் கேக்கல. மூணு பேருக்கும் ஒண்ணா காது போச்சா?"

"அவங்களுக்கு என்ன வயசு?"

அவர் அரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். "நாளைக்கு நீங்க வரவேண்டாம்" என்றார்.

"நாளைக்கு உங்க சம்சாரத்தை நடக்கவைக்கற நாள். வருவேன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை போனபோது அவர் ஏரிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். கண் சிவந்திருந்தது. மேசைமேல் ஒரு காகித உறை. உள்ளே கிழிக்காமல் வைத்திருந்த நான்கு சீட்டுகள். எல்லாம் ஒரே கையெழுத்து. நான்காவது இடம், ஊசிக்குருவி, இரண்டு குரல். நான்காவது இடம், மூன்று குரல். ஒவ்வொன்றின் குறுக்கேயும் இவர் எழுதியிருந்தார்: சில்வண்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் இளம் டீச்சர் இவர்களோடு சேர்ந்திருக்கிறார். அவர் தந்த சீட்டுகள் அவை. மறுநாள் பழைய ஆட்கள் மூவரும் அங்கே போய் நின்று, கேட்டு, தலையை ஆட்டியிருக்கிறார்கள்: இல்லை. நான்காவது சீட்டை நீட்டியபோது இவர், எல்லார் முன்னாலும், "சில்வண்டுக்கும் குருவிக்கும் வித்தியாசம் தெரியாம பசங்களுக்கு என்ன சொல்லித் தர்றீங்க?" என்று கேட்டிருக்கிறார். டீச்சர் அன்றோடு நின்றுவிட்டார்.

"மூச்சு விட்டா புகையா வர்ற குளிரு அக்கா" என்றார் சீட்டுகளைப் பார்த்தபடி. "அந்தக் குளிர்ல சில்வண்டு கத்தாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எழுதியிருக்கேன்." சீட்டுகளை உறைக்குள் போட்டுவிட்டு, "நீங்க வந்து கேட்டுச் சொல்வீங்களா?" என்றார்.

"எனக்கு எழுபத்தொண்ணு. நான் வந்தா நாலாவது ஆளா நின்னு தலையாட்டுவேன். டீச்சரைக் கூப்பிடுங்க."

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு?"

"இருக்கற மூஞ்சியை வச்சுக்கிட்டு" என்றார் மனைவி, கட்டிலிலிருந்து. "என்னங்க, போனைப் போடுங்க. அந்தப் பொண்ணு திட்டினா நல்லதுதான். உங்களைத் திட்டறதுக்கு எனக்கும் ஒரு துணை வேணும்."

அவர் கூப்பிட்டார். தான் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதி வைத்துப் படித்தார். பிறகு, "காலைல அஞ்சே முக்காலுக்கு வர்றேன் சார். எனக்கு எட்டு மணிக்கு வேற வேலை இருக்கு" என்று மட்டும் பதில் வந்ததாம்.

ஞாயிறு எனக்கு விடுப்பு. அன்று மனைவியை அவர் தங்கை பார்த்துக்கொள்வார். நானும் போனேன். மனுஷன் கரையில் மயங்கி விழுந்தால் தூக்க ஆள் வேண்டுமே என்றுதான்.

டீச்சர் வந்து வணக்கம் சொன்னார். சிரிக்கவில்லை. இவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். "அப்புறம் பேசலாம் சார். பேசினா குரல் கேக்காது" என்று டீச்சர் முன்னால் நடந்துவிட்டார். முதல் மூன்று இடத்தில் ஒன்றுமில்லை. நீர்க்கோழி, வாத்து, எனக்கே கேட்கக்கூடிய சத்தங்கள். தரையில் பனி இருந்தது. நான்காவது இடத்தில் நின்று இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. டீச்சர் ஒரு விரலைத் தூக்கினார். பிறகு இன்னொன்று.

"ரெண்டு. அந்த வளைஞ்ச நாணலுக்கு இடதுபக்கம் ஒண்ணு. பின்னாடி தள்ளி ஒண்ணு."

பூட்டுக்காரர் பழக்கப்படி கண்ணை மூடினார். அவர் நெற்றி சுருங்கியது. கையைக் காதுக்குப் பின்னால் குவித்தார். எனக்கும் காற்றும் தண்ணீரும்தான்.

"கண்ணைத் திறந்து பைனாகுலரை எடுங்க சார்" என்றார் டீச்சர். குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் இளக்கம். "பாடும்போது மேல ஏறி வரும்."

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பைனாகுலரை என்னிடம் நீட்டினார். நாணல் தண்டு ஒன்றில் சின்னப் பழுப்புக் குருவி தொற்றிக்கொண்டிருந்தது. அலகு விரியத் திறந்திருந்தது. தொண்டை படபடவென்று துடித்தது. ஒலியை நிறுத்திவிட்ட டிவி போல இருந்தது.

"இப்பக்கூடப் பாடுதா?" என்று கேட்டார்.

"நிறுத்தாம பாடுது சார்."

அவர் பக்கத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்தார். நாடி பிடித்துப் பார்த்தேன். வேகம்தான், ஆனால் ஒழுங்காக இருந்தது. ஒன்பது, ஏழு, நான்கு, மூன்று, ஒன்று என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். தேய்ந்தது குருவி இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது என்று நினைக்கிறேன். டீச்சர் எட்டு மணி வேலையைப் பற்றிப் பேசாமல் பக்கத்திலேயே நின்றார்.

மதியம் நாங்கள் மூவரும் நீர்த்துறை ஓவர்சியர் வீட்டுக்குப் போனோம். அவர் வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. கையைத் துடைத்துவிட்டு முழுதும் கேட்டார்.

"சார், உங்க நோட்டை வச்சுத்தான் மேல அனுமதி வாங்கினோம். மூணு வருஷம் பூஜ்யம், உங்க கையெழுத்து. இப்ப டீச்சர் கேட்டாங்கன்னு நான் எப்படி மெஷினை நிறுத்தறது?"

"நானும் பாத்தேன்."

"பாத்தீங்க, சரி. வழிதவறி வந்ததா இருக்கும்பாங்க. அந்தப் பூஜ்யம் தப்புன்னு நீங்களே எழுதித் தரணும். ஏன் தப்புன்னு எழுதணும். எந்த வருஷத்துலேர்ந்துன்னும் எழுதணும்."

"எந்த வருஷத்துலேர்ந்துன்னு எனக்கே தெரியாது."

"அப்ப மொத்த நோட்டையும்தானே சந்தேகப்படணும்?" என்றார் ஓவர்சியர். குத்திக்காட்டும் எண்ணம் அவருக்கு இல்லை. கணக்கு அப்படித்தான் வந்தது. "இருபத்தாறு வருஷம், இல்லையா?"

பூட்டுக்காரரோடு வீடு திரும்பினேன். கதவருகே நின்று, "பேசாம விட்டுட்டா என்ன அக்கா? குருவி வேற ஏரிக்குப் போகாதா?" என்றார்.

"எனக்குக் குருவி பத்தித் தெரியாது" என்றேன். "வீட்டை இடிச்சா மனுஷங்க எங்கயாவது போவாங்க. நல்லா இருந்தாங்களான்னு நான் போய்ப் பாத்ததில்ல."

அவர் உள்ளே போய் மனைவியின் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தங்கை கிளம்பிவிட்டிருந்தார். நான் மாத்திரையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு எப்பலேர்ந்து கேக்கல?" என்று கேட்டார்.

மனைவி உடனே ஏதாவது கிண்டல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. மேற்கூரையைப் பார்த்தபடி யோசித்தார்.

"அலாரம். ஏரிக்குப் போக நாலரைக்கு வைப்பீங்களே, சின்ன கடிகாரம். அது அடிச்சு அடிச்சு ஓஞ்சுபோச்சு, நீங்க எழுந்திருக்கல. அன்னைலேர்ந்து நான்தான் இடிச்சு எழுப்பறேன். நம்ம பொண்ணு முதல்முதலா வேலைக்குப் போன வருஷம் அது."

"எட்டு வருஷம்."

"எட்டு வருஷம். அதே வருஷந்தான் நான் பின்னாலேர்ந்து கூப்பிட்டா நீங்க திரும்பாம விட்டதும்."

"ஏன் அப்பவே சொல்லல?"

"காதுன்னு யாரு கண்டா? நான் வேற நினைச்சேன்."

"என்னன்னு?"

"என் பேச்சு சலிச்சுப்போச்சுன்னு."

எட்டு வருடக் கிண்டலெல்லாம் எதன் மேல் போட்ட மூடி என்று எனக்கும் அப்போதுதான் புரிந்தது. நான் மாத்திரையையும் தண்ணீரையும் அவர் கையில் கொடுத்து, "நீங்களே கொடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை ஆறரைக்கு நான் போனபோது அவர் கடை மேசையில் எழுதிக்கொண்டிருந்தார். தரையில் கசக்கிய தாள்கள். கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினார். எட்டு வருடமாகத் தனக்கு மெல்லிய ஒலி கேட்பதில்லை, அந்த எட்டு வருடத்தில் தான் எழுதிய ஊசிக்குருவிக் கணக்கு எதுவும் செல்லாது, டீச்சரின் நான்கு சீட்டும் சரி, தான் அவற்றை அடித்தது தவறு. அவ்வளவுதான். மன்னிப்பு, வருத்தம் என்று நீட்டவில்லை.

"இதை ஊர் படிச்சா பூட்டைத் தூக்கிக்கிட்டு யாரு என்கிட்ட வருவா?" என்றார்.

"பூட்டு தொறந்தாப் போதும்னு வருவாங்க. கையெழுத்துப் போடுங்க, மணி ஏழாகுது."

மீதியை டீச்சர் எனக்குச் சொன்னார். ஓவர்சியர் வருமுன்பே மெஷின்காரர் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தார். இரண்டு அறை அகலத்துக்கு நாணல் சாய்ந்துகிடந்ததாம். பூட்டுக்காரர் சேற்றில் இறங்கிப் போய் மெஷின் முன்னால் நின்றிருக்கிறார். மெஷின்காரர் கத்தியது அவருக்குக் கேட்டதோ இல்லையோ, நகரவில்லை. ஓவர்சியர் வந்து கடிதத்தை இரண்டு முறை படித்து, யாருக்கோ போன் செய்து, மெஷினை வண்டியில் ஏற்றச் சொன்னார். கூடு கட்டும் காலம் முடியும்வரை வெட்டு இல்லை. கூடவே ஒன்றும் சொன்னார்: இனி இந்த நோட்டை அலுவலகம் சான்றாக எடுத்துக்கொள்ளாது. பூட்டுக்காரர் தலையாட்டினாராம். ஓய்வுபெற்ற தபால்காரரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் டாக்டரிடம் காதைக் காட்டப் போவதாகச் சொன்னார். ரொட்டிக் கடைக்காரர், என் காது என் பாட்டன் காது, அதற்கு ஒன்றும் ஆகாது என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பதரைக்கு அவர் வீட்டுக்கு வந்தார். முழங்கால்வரை சேறு. கட்டிலுக்கு முன்னால், மனைவிக்கு முகம் தெரியும்படி வந்து நின்று, "கொஞ்சம் போச்சு. மிச்சம் நிக்குது" என்றார். பிறகு அலமாரியிலிருந்து எட்டு நோட்டுகளை எடுத்து வந்து படுக்கையில் வைத்தார். மனைவி ஒவ்வொரு நோட்டையும் விரித்து உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க, இவர் அளவுகோல் வைத்துச் சிவப்பு மையால் ஊசிக்குருவி வரிசையின் குறுக்கே கோடு போட்டார். ஒன்பதிலும் போட்டார், ஏழிலும் போட்டார்.

"ஒம்பது நிஜமாவே ஒம்பதா இருந்திருந்தா?" என்று மனைவி கேட்டார்.

"பதினாலாவும் இருந்திருக்கலாம். தெரியாது. அதனாலதான் கோடு."

எட்டு நோட்டிலும் போட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. மனைவியை நடக்கவைக்கும் நேரம் தாண்டிவிட்டிருந்தது. நோட்டுகளைப் படுக்கையிலிருந்து எடுக்கச் சொன்னேன். எடுத்தார். பிறகு சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு வந்து, மனைவியின் இடதுபக்கம் நான், வலதுபக்கம் அவர் என்று நின்று, ஜன்னல்வரை நடக்கவைத்துத் திருப்பிக் கொண்டுவந்தோம்.